மறுபடி ஓட்டுப் போடச் சொல்வது அழுகுணி ஆட்டமா?

கேள்வி இதுதான்: ஒரு பொது வாக்கெடுப்பில் நாடு ஏறக்குறைய சரிபாதியாகப் பிளந்து நின்றால், மறுபடி மக்களிடம் போகலாமா? ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பிரெக்சிட் விஷயத்தில் பிரிட்டன் அப்படிப் போயிருக்க வேண்டுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்ற பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்கச் சொல்வது அழுகுணி ஆட்டம். ஆனால் முதல் பதிலிலிருந்து புதிதாக ஒரு கேள்வி பிறந்திருந்தால் அதைக் கேட்கலாம், சில சமயம் கேட்டே ஆக வேண்டும். பிரிட்டனில் அப்படி ஒரு கேள்வி இருந்தது. அதற்கு இடம் ஒதுக்கியிருக்க வேண்டிய வருடம் 2019 இல்லை, 2015. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நான் அந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவன். 2016 ஜூன் 23, வியாழக்கிழமை. அப்போது என் கையில் இருந்தது இந்திய பாஸ்போர்ட்தான். பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு அங்கே ஓட்டு உண்டு என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. சென்னையிலிருந்து வந்து சில வருடங்களே ஆன எனக்கு ஓட்டு இருந்தது. எங்கள் மேல்வீட்டில் ஓர் இத்தாலிக்காரப் பெண்மணி இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் லண்டனில் வேலை பார்த்து வரி கட்டியவர். அவருக்கு ஓட்டு இல்லை. மால்டாக்காரருக்கும் சைப்ரஸ்காரருக்கும் உண்டு, ஏனென்றால் அவை காமன்வெல்த் நாடுகள். அந்த அம்மாவின் வாழ்க்கை என்ன ஆகும் என்பதை முடிவு செய்ய நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று லண்டனில் பேய்மழை. வாக்குச்சாவடி தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் ஹாலில். அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை, அந்த வழக்கம் பிறகுதான் வந்தது. பெயரையும் முகவரியையும் சொன்னதும் ஸ்கேல் வைத்துப் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார்கள். விரலில் மை கிடையாது. மரத்தடுப்புக்குள் நூலில் கட்டிய ஒரு குட்டைப் பென்சில். பென்சிலில் போட்டால் உளவுத்துறை அழித்து மாற்றிவிடும் என்று ஒரு வதந்தி ஓடியதால் சிலர் சொந்தப் பேனாவோடு வந்திருந்தார்கள். சீட்டில் ஒரே கேள்வி: ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிக்க வேண்டுமா, ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டுமா? கீழே இரண்டு கட்டம். நான் முதல் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன். வெளியேறுவதென்றால் எப்படி, எங்கே போய் நிற்பது என்று அந்தச் சீட்டில் ஒரு வார்த்தை கிடையாது.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பின்னால் வந்த அத்தனை சண்டைக்கும் வேர் இங்கேதான். ஈஸ்ட் ஹாமில் நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடையின் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். வெளியேறத்தான் போட்டேன் என்றார். ஏன் அண்ணே என்று கேட்டேன். "உவங்கள் ஐரோப்பாவால வாறதை நிப்பாட்டினாத்தான் தம்பி எங்கட ஆக்களுக்கு விசா தருவாங்கள்." அவர் சும்மா சொல்லவில்லை. வெளியேறும் அணியின் பிரீத்தி பட்டேல் அந்த மே மாதம் 'கறி ஹவுஸ்களைக் காப்பாற்றுங்கள்' என்றே தனியாக ஒரு பிரசாரம் நடத்தினார். ஐரோப்பியர் வருவது குறைந்தால் தெற்காசியச் சமையல்காரர்களுக்குக் கதவு திறக்கும் என்பது அதன் சாரம். பக்கத்து உள்ளாட்சிப் பகுதியான பார்க்கிங் அண்ட் டேகனமில் 62 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். அங்கிருந்து வந்து என்னோடு வேலை பார்த்த ஒருவரும் அதே கட்டத்தில்தான் குறி போட்டார். இனி வெளியிலிருந்து யாருமே வர வேண்டாம் என்பது அவர் காரணம். இரண்டு பேரும் ஜெயித்தார்கள். 2023 ஜூன் வரையிலான ஒரு வருடத்தில் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு) 9 லட்சத்தைத் தொட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், அதிலும் இந்தியர்கள் முன்வரிசையில். கடைக்கார அண்ணன் கேட்டது கிடைத்தது. டேகனம்காரர் கேட்டதற்கு நேர் எதிர் கிடைத்தது.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியேற 1.74 கோடி, நீடிக்க 1.61 கோடி. சதவீதத்தில் 51.9, 48.1. ஸ்காட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் 55.8 சதவீதமும் நீடிக்கவே சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறச் சொன்னதால் அவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று.

இதற்கு முன்பு நடந்த இரண்டு விஷயங்களை இப்போது பலரும் மறந்துவிட்டார்கள். வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, வெளியேறும் பக்கத்தின் முக்கியத் தலைவர் நைஜல் ஃபராஜ் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். 52-48 என்று முடிந்தால் விஷயம் முடிந்ததாக அர்த்தமில்லை என்றார். நீடிக்கும் அணி 52 வாங்கும் என்று நினைத்துச் சொன்னது அது. அதே மாதம் வெளியேறுவதை ஆதரித்த ஒருவர் நாடாளுமன்ற இணையதளத்தில் ஒரு மனு தொடங்கினார். 75 சதவீதத்துக்குக் குறைவாக வாக்கு பதிவாகி, ஜெயித்த பக்கம் 60 சதவீதத்தைத் தொடாவிட்டால் மறு வாக்கெடுப்பு வேண்டும் என்பது கோரிக்கை. முடிவு தலைகீழாக வந்ததும் தோற்ற பக்கத்துக்காரர்கள் ஓடிவந்து அதே மனுவில் 40 லட்சத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்கள். தொடங்கியவருக்கே எரிச்சல். மறு வாக்கெடுப்பு என்பது கொள்கையே இல்லை, அன்றைக்கு யார் தோற்றாரோ அவருடைய ஆயுதம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இரண்டாம் வாக்கெடுப்பு வேண்டாம் என்றவர்களின் வாதத்தில் பலமானது ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக முடியாது. அந்த ஏப்ரலில் அரசாங்கம் 93 லட்சம் பவுண்டு செலவில் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு அனுப்பியது. எங்கள் வீட்டுக் கதவு வழியாகவும் ஒன்று வந்து விழுந்தது. நீடிப்பதற்கு ஆதரவான கையேடுதான் அது. அதில் அச்சிட்டிருந்தது: "இது உங்கள் முடிவு. நீங்கள் முடிவெடுப்பதை அரசு நிறைவேற்றும்." வாழ்நாளில் ஒருமுறைகூட ஓட்டுப் போடாதவர்கள்கூட அதை நம்பி வந்து வரிசையில் நின்றார்கள். 72.2 சதவீத வாக்குப்பதிவு என்பது அதற்குமுன் நடந்த பல பொதுத் தேர்தல்களில் காணாதது. அவர்களிடம் போய், 'அது சும்மா ஒத்திகை, இனிமேல்தான் நிஜம்' என்று எந்த முகத்தோடு சொல்வது?

வேடிக்கை என்னவென்றால் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 2015இல் நிறைவேறிய வாக்கெடுப்புச் சட்டத்தில், முடிவை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. குறைந்தபட்ச வாக்குப்பதிவும் இல்லை, எத்தனை சதவீதம் வேண்டும் என்ற எல்லையும் இல்லை. சட்டப்படி அது வெறும் ஆலோசனை. அதனால்தான் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வெளியேறும் அறிவிப்பைக் கொடுக்க முடியாது என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 8-3 என்று தீர்ப்புச் சொன்னது. கையேடு ஒன்று சொன்னது, சட்டம் வேறொன்று சொன்னது. பிறகு ஜெயித்தவர்கள் கையேட்டைத் தூக்கிக் காட்டினார்கள், தோற்றவர்கள் சட்டத்தைத் தூக்கிக் காட்டினார்கள்.

சரி, மறுபடி கேட்ட நாடுகளில் என்ன நடந்தது? டென்மார்க்கிலிருந்து தொடங்குகிறேன். ஒழுங்காகச் செய்த நாடு என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

1992 ஜூன் 2. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டென்மார்க் மக்கள் 50.7 சதவீத வாக்கில் நிராகரித்தார்கள். வித்தியாசம் அரை லட்சம் ஓட்டுகூட இல்லை. உறுப்பு நாடுகளில் ஒன்று மறுத்தாலும் ஒப்பந்தம் நிற்காது. 'தப்பாகப் போட்டுவிட்டீர்கள், மறுபடி போடுங்கள்' என்று அரசு சொல்லவில்லை. மக்களுக்கு எது உறுத்தியது என்று பார்த்தார்கள். நாடாளுமன்றத்தில் இருந்த எட்டுக் கட்சிகளில் ஏழு உட்கார்ந்து ஒரு பொதுக் கோரிக்கைப் பட்டியல் தயாரித்தன. டிசம்பரில் எடின்பரோவில் அதை மற்ற நாடுகள் ஏற்றுக்கொண்டன. பொது நாணயம், பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை ஆகிய நான்கிலும் டென்மார்க்குக்கு விலக்கு. அந்த விலக்குகளோடு சேர்த்து 1993 மே 18இல் மறுபடி கேட்டார்கள். 56.7 சதவீதம் சம்மதம். அதாவது இரண்டாவது முறை மக்கள் முன்னால் இருந்தது வேறு ஒரு பொருள்.

அமைதியாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அன்றிரவே கோபன்ஹேகனின் நூர்ரெப்ரோ பகுதியில் கலவரம். போலீஸ் நூற்றுக்கு மேற்பட்ட முறை சுட்டது, பதினோரு பேராவது குண்டுக் காயம் பட்டார்கள். மறு வாக்கெடுப்புக்கு விலை உண்டு, மிக நன்றாகச் செய்தாலும் உண்டு.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த நான்கு விலக்குகளில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் டென்மார்க் ஒவ்வொரு முறையும் மக்களிடமே போனது. 2000இல் யூரோ வேண்டுமா என்று கேட்டார்கள், 53 சதவீதம் வேண்டாம் என்றார்கள், யூரோ வரவில்லை. 2015இல் நீதித்துறை விலக்கைத் தளர்த்தலாமா என்று கேட்டார்கள், மறுபடி வேண்டாம், தளர்த்தவில்லை. 2022 ஜூன் 1இல், உக்ரைன் போர் தொடங்கிய சில மாதங்களில், பாதுகாப்பு விலக்கை நீக்கலாமா என்று கேட்டார்கள். 67 சதவீதம் சரி என்றார்கள். முப்பது வருடத்துக்கு முன் சொன்ன ஒரு 'வேண்டாம்' துண்டு துண்டாக மறுபடி மறுபடி மக்களிடம் வந்தது. வேண்டாம் என்ற பதில்கள் மதிக்கப்பட்டதால்தான் கடைசியில் சரி என்ற பதிலுக்கும் மரியாதை இருந்தது.

அயர்லாந்து கதையைத்தான் எதிர்ப்பாளர்கள் அதிகம் சொல்வார்கள்: "ஆம் என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்." நீஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தை 2001இல் 54 சதவீதத்தில் நிராகரித்தார்கள். 2002இல் 63 சதவீதத்தில் ஏற்றுக்கொண்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மிரட்டிப் பணிய வைத்ததுபோல் இருக்கும். சதவீதத்தை விட்டுவிட்டு ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் முறை 'வேண்டாம்' 5.29 லட்சம். இரண்டாம் முறை 'வேண்டாம்' 5.35 லட்சம். அந்தப் பக்கம் கூட்டம் குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. 'ஆம்' பக்கம்தான் 4.53 லட்சத்திலிருந்து 9.06 லட்சமாக இரண்டு மடங்கானது. முதல் முறை வாக்குப்பதிவு 35 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நாட்டில் மூன்றில் இரண்டு பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இரண்டாம் முறை அவர்களில் ஒரு பகுதி எழுந்து வந்தது. நடுவில் ஒரு மாற்றமும் நடந்தது: அயர்லாந்தின் ராணுவ நடுநிலைமைக்கு உறுதி வாங்கி, ஐரோப்பியக் கூட்டுப் பாதுகாப்பில் சேரக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். இதைப் பிரிட்டனோடு ஒப்பிடுவது சரியில்லை. 72 சதவீதம் பேர் வந்து போட்ட ஊரில், வராதவர்களைக் கூட்டிவருகிறோம் என்ற வாதம் எடுபடாது.

ஒன்றியத்தின் அடுத்த ஒப்பந்தமான லிஸ்பன் ஒப்பந்தம் அயர்லாந்தில் 2008இல் தோற்று 2009இல் ஜெயித்த கதையும் ஏறக்குறைய இதுதான், ஆனால் நடுவில் வங்கிகள் சரிந்ததில் அயர்லாந்து ஆடிப்போயிருந்தது. அங்கே மாறியது ஒப்பந்தமா, பயமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

எதிர்ப்பாளர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நூலிழையில் 'வேண்டாம்' வந்தால் மறுபடி கேட்கிறார்கள், நூலிழையில் 'ஆம்' வந்தால் யாரும் கேட்பதில்லை. 1995இல் அயர்லாந்தில் விவாகரத்தை அனுமதிக்கும் திருத்தம் 9,114 ஓட்டில் ஜெயித்தது. 1997இல் வேல்ஸுக்குத் தனி சட்டமன்றம் 6,721 ஓட்டில் ஜெயித்தது. இரண்டிலும் நாடு இரண்டாகத்தான் கிடந்தது. ஆனால் யாரும் மறுபடி நடத்தவில்லை. நடத்தாததால் குடி முழுகிப்போகவும் இல்லை. 2011இல் வேல்ஸ் மக்கள் 63 சதவீத வாக்கில் கூடுதல் அதிகாரம் கேட்டார்கள். 2019இல் விவாகரத்து விதிகளை இன்னும் தளர்த்த அயர்லாந்தில் 82 சதவீதம் ஆதரவு. வித்தியாசம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மறுபடி ஓட வேண்டியதில்லை என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

கேட்காமலே விட்டதும் உண்டு. 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் ஐரோப்பிய அரசியலமைப்பை நிராகரித்தன. அதில் பெரும்பகுதியை லிஸ்பன் ஒப்பந்தமாக மாற்றி எழுதி, இரண்டு நாடுகளிலும் நாடாளுமன்றம் வழியாகவே நிறைவேற்றிக்கொண்டார்கள். மறுபடி கேட்பதுகூடப் பரவாயில்லை, இது அதைவிட மோசம் என்பது என் கருத்து. கொலம்பியாவில் 2016 அக்டோபரில் கெரில்லாக்களுடனான அமைதி ஒப்பந்தம் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. இரண்டு மாதத்துக்குள் திருத்தி எழுதி, மறு வாக்கெடுப்பு இல்லாமல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். போர் நிறுத்தம் எந்த நேரமும் உடையலாம் என்ற நிலையில் அவர்களுக்கு நாள் இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வேறு மாதிரி. கனடாவிலிருந்து பிரிவது பற்றி 1980இல் கேட்டார்கள், கிட்டத்தட்ட 60 சதவீதம் வேண்டாம் என்றது. 1995இல் மறுபடி கேட்டார்கள். 93 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு, 54,288 ஓட்டு வித்தியாசத்தில் வேண்டாம். செல்லாத ஓட்டுகளே 86,000க்கு மேல். கேள்வியோ, 'கனடாவுக்குப் புதிய கூட்டுறவு ஒன்றை முறைப்படி முன்வைத்த பிறகு, இன்ன மசோதாவின் வரம்புக்குள்' என்று நீண்டு போகும். தனிநாடு கேட்கிறார்களா, கூட்டுறவு கேட்கிறார்களா என்று குழம்பியவர்கள் ஏராளம். அதற்குப் பிறகு கனடா நாடாளுமன்றம் 2000இல் ஒரு சட்டம் போட்டது: கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், பெரும்பான்மையும் தெளிவாக இருக்க வேண்டும். எத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதவில்லை.

இனி 2019க்கு வருவோம். கேமரனுக்குப் பிறகு பிரதமரான தெரேசா மே கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தம் ஜனவரியில் 432-202 என்று தோற்றது. நாடாளுமன்ற வரலாற்றில் எந்த அரசும் அவ்வளவு மோசமாகத் தோற்றதில்லை. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது. முந்தைய டிசம்பரில்தான் ஐரோப்பிய நீதிமன்றம், வெளியேறும் அறிவிப்பைப் பிரிட்டன் தானாகவே திரும்பப் பெறலாம் என்று சொல்லியிருந்தது. ஆக, இரண்டு வருடமாக இல்லாத ஒன்று இப்போது இருந்தது: கையில் எழுதப்பட்ட ஒரு ஒப்பந்தம், திரும்பிப் போகச் சட்டப்படி ஒரு வழி. 'இந்த ஒப்பந்தத்தோடு வெளியேறலாமா, வேண்டாமா?' என்பது 2016இல் கேட்டிருக்கவே முடியாத கேள்வி. கொள்கையளவில் அதைக் கேட்க முழு நியாயம் இருந்தது.

மார்ச் 23ஆம் தேதி பார்க் லேனிலிருந்து நாடாளுமன்றம்வரை பெரிய பேரணி. பத்து லட்சம் பேர் என்றார்கள் நடத்தியவர்கள். நானும் போனேன். நகரவே முடியாத கூட்டத்தில் பக்கத்தில் நின்ற தம்பதியிடம் பேச்சுக் கொடுத்தேன். சீட்டில் என்ன கேள்வி இருக்க வேண்டும் என்று கேட்டேன். நீடிப்பதா என்று கேட்க வேண்டும் என்றார் அந்த அம்மா. இன்னொரு கட்டத்தில் என்ன எழுதுவது என்றேன். யோசித்தார்கள். மே கொண்டுவந்த ஒப்பந்தமா, ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறுவதா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் தொடங்கிவிட்டது. மறுபடியும் தோற்றால்? "தோற்க மாட்டோம்." அங்கேதான் எனக்குச் சுருதி இறங்கியது. நாங்கள் அங்கே கூடியது ஒப்பந்தத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல இல்லை. போன ஆட்டத்தை மறுபடி ஆட வந்திருந்தோம். எதிர்ப்பக்கத்துக்காரர்கள் அதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா திணறியதில் ஆச்சரியமில்லை. மூன்று வழி இருக்கும்போது இரண்டு கட்டம் போதாது. மூன்று கட்டம் போட்டால் எதற்குமே பாதி கிடைக்காமல் போகலாம். ஒன்றோடு ஒன்றாக மோதவிட்டால் அ-வை ஆ வெல்லும், ஆ-வை இ வெல்லும், இ-யை அ வெல்லும் என்று வட்டமாகச் சுற்றவும் வாய்ப்புண்டு. இது போக நாள் கணக்கு. சட்டம் போட்டு, கேள்வியைச் சோதித்து, பிரசாரத்துக்கு அவகாசம் கொடுத்து வாக்கெடுப்பு நடத்தக் குறைந்தது 22 வாரம் வேண்டும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் அரசியலமைப்பு ஆய்வு மையம் கணக்கிட்டிருந்தது. முதலில் குறித்திருந்த வெளியேறும் நாளோ ஆறு நாளில். அதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஓட்டினார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி, எந்த ஒப்பந்தமானாலும் மக்கள் ஒப்புதல் வேண்டும் என்ற தீர்மானம் 280-292 என்று தோற்றது. பன்னிரண்டே ஓட்டு.

டிசம்பர் தேர்தலில், மேக்குப் பிறகு பிரதமரான போரிஸ் ஜான்சன் 43.6 சதவீத ஓட்டில் 365 இடம் பிடித்தார். இரண்டாம் வாக்கெடுப்பு அல்லது பிரெக்சிட் ரத்து என்று வாக்குறுதி கொடுத்த கட்சிகளின் ஓட்டைக் கூட்டினால் பாதிக்குச் சற்று மேல் வரும். என் நண்பர்கள் சிலர் இன்றைக்கும் அந்தக் கூட்டல் கணக்கைச் சொல்லி ஆறுதல் அடைகிறார்கள். விதி அப்படி இல்லையே. தேர்தல் முறை பிடிக்கவில்லை என்றால் தேர்தலுக்கு முன்பு சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் நீடிக்கும் பக்கம் ஓடிய வாதங்களில் இரண்டு எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்று, வயதானவர்கள் இறந்துவிட்டார்கள், இளைஞர்கள் பதினெட்டைத் தொட்டுவிட்டார்கள், இப்போது கணக்கு மாறியிருக்கும் என்பது. சாவுக் கணக்கு பார்த்து ஓட்டுக் கேட்பதை நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது. அந்த நியாயப்படி ஒவ்வொரு வாரமும் வாக்கெடுப்பு வைக்கலாம். இன்னொன்று, ஜெயித்தவர்கள் பொய் சொன்னார்கள் என்பது. ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று பஸ்ஸில் எழுதிக்கொண்டு சுற்றியது மக்களைத் திசைதிருப்பும் கணக்கு என்று புள்ளியியல் ஆணையமே சொன்னது. செலவு வரம்பை மீறியதற்காக வெளியேறும் அணிக்கு 2018இல் தேர்தல் ஆணையம் 61,000 பவுண்டு அபராதமும் போட்டது. இவை உண்மை. ஆனால் பிரசாரத்தில் பொய் சொன்னால் முடிவு செல்லாது என்றால் உலகத்தில் எந்தத் தேர்தல்தான் மிஞ்சும்?

ஒரு விதிவிலக்கு உண்டு, அது சுவிட்சர்லாந்தில். திருமணமானவர்களின் வரி பற்றி 2016 பிப்ரவரியில் அங்கே வாக்கெடுப்பு நடந்து, அந்த முன்மொழிவு 50.8 சதவீதத்தில் தோற்றது. இதனால் பாதிக்கப்படும் வேலைபார்க்கும் தம்பதிகள் 80,000 ஜோடி என்று அரசு மக்களுக்குத் தந்த விளக்கத்தில் இருந்தது. உண்மையில் 4,54,000. 2019 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பையே ரத்து செய்தது. அங்கே தப்பான எண்ணைத் தந்தது மேடையில் பேசிய கட்சிக்காரர் இல்லை, அரசாங்கம். அந்த வித்தியாசம் எனக்கு நியாயமாகப் படுகிறது.

பிரிட்டன் என்ன செய்திருக்கலாம் என்பதற்கு நியூசிலாந்தைப் பார்க்கலாம். தேர்தல் முறையை மாற்றலாமா என்று 1992இல் ஒரு வாக்கெடுப்பு: மாற்ற வேண்டுமா, வேண்டுமென்றால் நான்கு முறைகளில் எது? 85 சதவீதம் பேர் மாற்றச் சொன்னார்கள். உடனே மாற்றிவிடவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த முறைக்கு முழுச் சட்டம் எழுதிவைத்து, 1993இல் பழையதா இந்தப் புதியதா என்று நேருக்கு நேர் கேட்டார்கள். 85 சதவீத வேகம் 54 ஆகத் தணிந்தது, ஆனாலும் ஜெயித்தது. 2011இல் மூன்றாம் முறை, இதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது 58 சதவீதம் சரி என்றது. முதல் கேள்வி ஆசையைப் பற்றி, இரண்டாவது எழுதிவைத்த சட்டத்தைப் பற்றி. முதல் முறை வரிசையில் நின்றவருக்கே இன்னொரு முறை வர வேண்டியிருக்கும் என்று தெரியும். அதனால் யாருக்கும் ஏமாற்றப்பட்ட உணர்வு இல்லை.

பிரிட்டனில் இந்த யோசனையைச் சொன்னவர்கள் யார் தெரியுமா? 2011இல் நாடாளுமன்றத்தில் இரண்டு வாக்கெடுப்பு வைக்கலாம், பேச்சுவார்த்தை முடிந்த பிறகு இரண்டாவதை வைப்பதே பொருத்தமாக இருக்கும் என்று பேசியவர் ஜேக்கப் ரீஸ்-மாக், பின்னாளில் பிரெக்சிட்டின் தீவிர முகம். வெற்றுத் தாளைக் கொடுத்து ஓட்டுப் போடச் சொல்லிவிட்டு, விவரங்களைப் பிறகு நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம் என்று சொல்லக் கூடாது என்று 2002இல் பேசியவர் டேவிட் டேவிஸ், 2016இல் பிரெக்சிட் அமைச்சரானவர். இரண்டு வாக்கெடுப்பு யோசனையைக் கேலி செய்து மூடியது நீடிக்கும் அணியின் தலைவரான பிரதமர் டேவிட் கேமரன். விவாகரத்துக்கு மனுப் போட்ட தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன், கல்யாண உறுதிமொழியைப் புதுப்பிப்பதற்காக மனுப் போட்டவர்களைப் பார்த்ததில்லை என்று 2016 பிப்ரவரியில் அவையில் சொன்னார். சபை சிரித்தது. தான் ஜெயிப்பது நிச்சயம் என்ற நினைப்பில் அவர் வெளியே போகும் கதவை ஒரே தடவையில் சாத்தும்படி செய்துவைத்தார். கடைசியில் அவர் பக்கத்துக்காரர்கள்தான் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

2015 சட்டத்தில் இரண்டே வரி சேர்த்திருந்தால் போதும்: வெளியேற முடிவானால் ஒப்பந்தம் தயாரானதும் அது மக்கள் முன் வரும், அதை ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே எழுதிவைக்கிறோம். ஈஸ்ட் ஹாம் அண்ணனும் டேகனம் நண்பரும் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்து, இது நான் கேட்டதுதானா என்று சொல்லியிருப்பார்கள். ஒருவேளை அப்போதும் வெளியேறவே போட்டிருப்பார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இருந்திருக்காது.

இப்போது மறுபடி சேரலாம் என்ற பேச்சு எழுகிறது. அது மறு வாக்கெடுப்பு ஆகாது, புதிய கேள்வி. பிரிட்டனுக்கு முன்பு இருந்த கட்டணத் தள்ளுபடியும் யூரோவிலிருந்து விலக்கும் அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. என்ன நிபந்தனையில் சேருகிறோம் என்று பேசி முடித்து, ஒரு கட்சி அதைச் சொல்லித் தேர்தலில் ஜெயித்து, பிறகு மக்களிடம் போவதுதான் வரிசை. 2024இல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி பொதுச் சந்தைக்குக்கூடத் திரும்ப மாட்டோம் என்று எழுதிக்கொடுத்துதான் வந்தது.

மேல்வீட்டு இத்தாலிக்கார அம்மா வாக்கெடுப்புக்கு அடுத்த வருடமே பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். பரீட்சைக்குப் படிக்க என்னிடம்தான் புத்தகம் வாங்கினார், எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவிகளையும் வரிசையாக ஒப்பித்துக் காட்டினார். அடுத்து ஒரு வாக்கெடுப்பு வந்தால் எங்கள் கட்டடத்தில் அவருக்கும் ஒரு சீட்டு உண்டு.